என் வாயாக இருந்தவள்

திருப்புலிவனத்தில் கோயில் தெருவைத் தாண்டி வண்டி திரும்பும்போது என் குரல் நின்றுபோயிற்று. கொட்டகையில் அன்று மாற்றியிருந்த படத்தின் பெயரைச் சொல்ல வாயைத் திறந்தேன். தகரக் கூம்பின் மறுமுனையில் காற்றுதான் வந்தது.

வண்டியோட்டி முனுசாமி திரும்பிப் பார்த்தான்.

"இன்னாடா சாலமோனு, வாய்ல இன்னா வெச்சிக்கினு கீற?"

"தொண்ட கட்டிக்கிச்சு" என்றேன். அது அவனுக்குக் கேட்கவில்லை. முன்னால் போன காளைகளுக்கும் கேட்டிருக்காது.

மிளகு மென்றேன். பனங்கற்கண்டு போட்டுப் பால் குடித்தேன். குரல் வந்தது, போனது, மறுபடி வந்தது. அறுவடைக் காலம் முழுவதும் அப்படியே ஓடியது. பிறகு கஞ்சி விழுங்கும்போது காதுக்குள் முள் குத்துவதுபோல் வலித்தது. தொண்டையில் இருக்கும் நோய் காதில் வலிக்கும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

உடம்பைப் பற்றி நான் அதுவரை யோசித்ததில்லை. ஐந்தாம் வகுப்பில் மிஷன் பள்ளியை விட்டு ஓடினேன். கோலார் சுரங்கத்தில் மண் தள்ளினேன். மரக்காணத்தில் உப்பு வாரினேன். ரைஸ் மில்லில் மூட்டை தூக்கினேன். எந்த ஊரிலும் இரண்டு மழைக்காலம் சேர்ந்தாற்போல் இருந்ததில்லை. காலில் புண் வந்தால் அடுத்த ஊருக்கு நடந்தபடியே ஆற்றிக்கொள்வேன். கடைசியில் உத்திரமேரூர்ப் பக்கம் டூரிங் கொட்டகைக்காரர்களிடம் சேர்ந்தேன். வண்டியில் நின்று ஊர் ஊராகப் படத்தின் பெயரைக் கத்திச் சொல்வதுதான் வேலை. மைக்செட் வைக்க அவர்களுக்கு வசதியில்லை. என் குரல் இருந்தது. நான் கத்தினால் மூன்று வயல் தள்ளி மேய்கிற எருமை தலையைத் தூக்கும் என்று முனுசாமி சொல்வான்.

நிலமோ மாடோ எனக்கு இல்லை. இருந்தது அந்தக் குரல்தான். அதனால்தான் அது போனபோது பயந்தேன். இந்தக் கட்டுரையைப் படிக்கிறவர்களில் யாருக்காவது அதே நோய் இருந்தால், அந்தப் பயம் எப்படிப்பட்டது என்று நான் விளக்கத் தேவையில்லை.

என் மனைவி ராகேல் காவாந்தண்டலத்துப் பெண். ஊருக்கு வெளியே எங்கள் காலனி. அதன் கடைசியில் ஓலைக் கூரை போட்ட ஜெபவீடு. அங்கே வருகிறவர்கள் எல்லோரும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டுக் களை பறிக்கிறவர்கள். கூலிக்காரன் பேச்சை வயலில் யாரும் கேட்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை ஜெபவீட்டில் அவன் எழுந்து நின்று சாட்சி சொன்னால் எல்லோரும் வாய்மூடிக் கேட்பார்கள். அதனால் எங்கள் ஜனங்களுக்குப் பேச்சு என்பது சின்ன விஷயம் அல்ல.

எங்கள் சபையில் ஒரு வழக்கம் இருந்தது. அதற்கு வாய்க் காவல் என்று பெயர். நோயாளிக்கு உபதேசியார் எண்ணெய் பூசி ஜெபித்துவிட்டால், அதன் பிறகு அவர் நோயின் பெயரைச் சொல்லக்கூடாது. வலிக்கிறது என்றும் சொல்லக்கூடாது. யார் கேட்டாலும் சுகமானேன் என்றுதான் சொல்ல வேண்டும். வீட்டில் இருப்பவர்களும் அப்படியே. கடவுள் சொன்னார், உலகம் உண்டாயிற்று. அவருடைய பிள்ளைகளின் சொல்லும் சும்மா போகாது என்று உபதேசியார் போதிப்பார். அவர் ஏமாற்றுக்காரர் அல்லர். அவருக்கே மூட்டு வலி. மண்டியிட்டு எழுந்திருக்கும்போது முகம் கோணும். "சுகமா கீறேன்" என்று சொல்லிக்கொண்டே எழுந்திருப்பார்.

ஒரு தடவை ஜெபத்துக்கு நடுவே ஒரு கிழவியைத் தேள் கொட்டிவிட்டது. எண்ணெய் பூசியானதும் அவள் சொன்னாள்: "எனக்கு சொகமாயிடுச்சு. அந்தத் தேளு எங்க போச்சின்னு மட்டும் பாருங்கடா." சபை முழுவதும் சிரித்தது. உபதேசியாரும் சிரித்தார்.

ராகேல் அந்த வழக்கத்தை மற்றவர்களைவிட இறுக்கமாகப் பிடித்திருந்தாள். அதற்குக் காரணம் உண்டு. எங்களுக்கு ஒரு பெண் குழந்தை இருந்தது. நான் மரக்காணத்தில் இருந்த சமயம் அதற்கு வயிற்றுப்போக்கு கண்டது. நாள் முழுவதும் நடவு நட்டுவிட்டு வந்தவள், ஓயாமல் அழுத பிள்ளையைப் பார்த்து "ஒழிஞ்சி போயேன்" என்று சொல்லிவிட்டாள். எந்தத் தாயும் சொல்கிற வார்த்தைதான். விடிந்தபோது பிள்ளை இல்லை.

பிள்ளை நீர் வற்றிச் செத்தது என்று அவளுக்கும் தெரியும். ஆனால் அந்த வார்த்தை அவள் வாயில் தங்கிவிட்டது. அதன் பிறகு கெட்ட சொல் எதையும் அவள் வெளியே விடவில்லை. அடுப்பு அணைந்தால் அணைந்தது என்று சொல்லமாட்டாள். "குளுந்து கீது" என்பாள். அரிசி இல்லாவிட்டால் "பானை காத்துக்கினு கீது" என்பாள்.

இருமலில் இரத்தம் வந்த பிறகு என்னைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனாள். வராந்தாவில் பெஞ்சு இருந்தது, இடம் இல்லை. தரையில் உட்கார்ந்தோம். எதிரில் ஒருவர் சுவரில் சாய்ந்திருந்தார். அவர் கழுத்தில் ஓட்டை போட்டு ஒரு வெள்ளிக்குழாய் வைத்திருந்தார்கள். அவர் மூச்சு அதன் வழியாகப் போய்வந்தது. ஏதோ சொல்ல அவர் உதடு அசைந்தது. சத்தம் எதுவும் இல்லை. அவர் மகள் குனிந்து குனிந்து "இன்னா நைனா, தண்ணியா? தண்ணியா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் கேட்டது தண்ணீர் இல்லை. என்னவென்று அவளுக்குக் கடைசிவரை விளங்கவில்லை.

டாக்டர் மலையாளத்துக்காரர். தமிழ் பேசுவார், எழுத்து தெரியாது. தமிழில் எழுதிய சீட்டு எது வந்தாலும் ஆர்டர்லியைக் கூப்பிட்டுப் படிக்கச் சொல்வார். நெற்றியில் வட்டக் கண்ணாடி கட்டியிருந்தார். சின்னக் கண்ணாடி ஒன்றை விளக்கில் காட்டிச் சூடாக்கினார். என் நாக்கைத் துணியால் பிடித்து இழுத்து, அதைத் தொண்டைக்குள் விட்டுப் பார்த்தார். நெஞ்சைப் படம் எடுத்தார்கள்.

குரல்வளைக் காசம் என்றார் (குரல்வளை என்பது தொண்டையில் சத்தம் பிறக்கிற பெட்டி, காசம் என்பது டி.பி.). நோய் நெஞ்சில் தொடங்கித் தொண்டைக்கு ஏறியிருந்தது.

"இப்ப மருந்து வந்திருக்கு. பிழைக்கலாம்" என்றார். "தினம் ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி. கூட மாத்திரை. அப்புறம் முக்கியமா ஒண்ணு. பேசக்கூடாது."

"கத்தக்கூடாதா சார்?" என்று ராகேல் கேட்டாள்.

"பேசவே கூடாது. ரகசியமாவும் கூடாது. ரகசியம் பேசறது கத்தறதைவிடக் கெடுதல். புண்ணு ஆறணும். ஆறலைன்னா வழி அடைச்சுக்கும். கழுத்தில ஓட்டை போடணும்."

"எத்தினி நாளைக்கு?"

"நான் சொல்றவரைக்கும்."

படுக்கை காலி இல்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். உத்திரமேரூர் டிஸ்பென்சரியில் கம்பவுண்டர் ஊசி போடுவார். அவ்வப்போது பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்து காட்ட வேண்டும்.

பள்ளியை விட்டு ஓடியபோது தூக்கிப்போட்ட சிலேட்டை நாற்பதை நெருங்கும் வயதில் மறுபடி கையில் எடுத்தேன். பேசாமல் இருப்பது முதலில் பட்டினி கிடப்பதுபோல் இருந்தது. வார்த்தை நாக்கு நுனிவரை வந்து திரும்பிப்போகும். கனவில் பேசிவிடுவேனோ என்று வாயில் துணி கட்டிக்கொண்டு படுத்தேன்.

எல்லா இடத்திலும் ராகேல்தான் எனக்காகப் பேசினாள். கடைக்காரரிடம், பஸ் கண்டக்டரிடம், கொட்டகை முதலாளியிடம். நான் கையைக் காட்டினால் அவள் சொல்வாள். சில சமயம் நான் காட்டாததையும் சேர்த்துச் சொல்வாள். பேசாதவனுக்குக் காதும் கேட்காது என்று ஜனங்கள் நினைக்கிறார்கள். கடைக்காரர் என் முகத்துக்கு நேராக வந்து, "உன் பொண்டாட்டி கில்லாடிடா" என்று கத்துவார். எனக்கு நன்றாகவே கேட்டது.

ஜெபவீட்டில் ஒரு சிக்கல் வந்தது. உபதேசியார் எனக்கு எண்ணெய் பூசி ஜெபித்தார். ஜெபம் முடிந்ததும் நோயாளி தன் வாயால் சுகமானேன் என்று அறிக்கையிட வேண்டும். டாக்டரோ ஒரு வார்த்தையும் கூடாது என்கிறார். சபையில் பேச்சு எழுந்தது.

"வாயத் தொறக்காம எப்படி அறிக்கை பண்றது?" என்று தேள் கொட்டிய கிழவி கேட்டாள். "மனசுக்குள்ள சொன்னா பிசாசுக்குக் கேக்குமா?"

உபதேசியார் சற்று யோசித்தார். "புருசனும் பொஞ்சாதியும் ஒரே சரீரம்" என்றார். "இவன் வாயி அடைச்சி கீது. அவ வாயி தொறந்துதான கீது. அவ சொன்னா இவன் சொன்ன மாதிரிதான்."

ராகேல் எழுந்து நின்றாள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு தெளிவாகச் சொன்னாள்: "சாலமோன் சொகமாயிட்டாரு."

அன்று முதல் என் வாய்க்கான காவல் அவளிடம் போயிற்று. அவள் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு பிள்ளையை ஒரு வார்த்தையால் இழந்ததாக நம்பியவள், என்னை ஒரு வார்த்தையாலும் இழக்கமாட்டேன் என்று முடிவு செய்திருந்தாள்.

உண்மையிலேயே உடம்பு தேறியது. இரத்தம் நின்றது. கஞ்சி வலியில்லாமல் இறங்கியது. கன்னத்தில் கொஞ்சம் சதை வந்தது. சபையில் ஸ்தோத்திரம் சொன்னார்கள். கம்பவுண்டருக்கு அது பிடிக்கவில்லை. "ஊசி குத்தறவன் நானு. பேரு மட்டும் அங்க போவுதா?" என்று ராகேலைப் பார்த்துச் சொன்னார். "ரெண்டு பேருக்கும் ஸ்தோத்திரம் சார்" என்றாள் அவள்.

கொஞ்ச காலத்தில் ஊசி போட்டதும் உதட்டைச் சுற்றி மரத்துப்போக ஆரம்பித்தது. பிறகு காதுக்குள் ஒரு சத்தம். கொட்டகைக்குப் பின்னால் ஓடுகிற கரண்டு எஞ்சின் தூரத்தில் கேட்பதுபோல். முதலில் ஏதோ மில் ஓடுகிறது என்று நினைத்தேன். மில் இல்லாத இடத்திலும் ஓடியது. வரப்பில் நடந்தால் உடம்பு ஒரு பக்கம் சாய்ந்தது. ஒரு நாள் பொழுது சாயும் நேரத்தில் முனுசாமி எதிரே வந்தான். மதுவிலக்கு அமலில் இருந்த காலம்.

"எங்கடா கெடச்சுது? எனக்கும் சொல்லேன்" என்றான். நான் குடிக்கவில்லை என்று கையை ஆட்டினேன். ஆட்டிய வேகத்தில் வரப்பிலிருந்து சேற்றில் விழுந்தேன். அவன் சிரித்துக்கொண்டே தூக்கிவிட்டான். என் முகத்தைப் பார்த்த பிறகு சிரிப்பை நிறுத்தினான்.

வீட்டுக்கு வந்து சிலேட்டில் எழுதினேன்: காதுக்குள் சத்தம். தலை சுற்றுகிறது.

ராகேல் பைபிள் வகுப்பில் எழுத்துக் கற்றவள். எழுத்துக்கூட்டிப் படித்தாள். முகம் மாறியது. முந்தானையால் சிலேட்டைத் துடைத்தாள்.

"இப்படி எழுதாதய்யா" என்றாள். "எழுதினாலும் சொன்ன மாதிரிதான்."

மறுநாள் அதையே எழுதிக் கம்பவுண்டரிடம் காட்டினேன். அவர் படித்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். "நான் இன்னாபா பண்றது? ஊசிய நிறுத்துன்னு பெரிய டாக்டர் எழுதித் தரணும். இந்த வாரம் போறல்ல, அவருகிட்ட காட்டு."

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்த ஊசி போட்டுக்கொள்கிறவர்களில் சிலருக்குக் காதில் இரைச்சல் வரும், நடை தள்ளாடும். வந்தால் அன்றைக்கே உங்கள் வாயால் டாக்டரிடம் சொல்லுங்கள். இந்தக் கட்டுரையில் உபயோகமான செய்தி இது ஒன்றுதான்.

பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகும்போது சிலேட்டில் பெரிய எழுத்தாக எழுதி மடியில் கவிழ்த்து வைத்திருந்தேன். டாக்டர் கண்ணாடியை விட்டுத் தொண்டையைப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது.

"நல்லா ஆறிட்டு வருது" என்றார். "இன்னும் கொஞ்ச நாள். குரல் கிடைக்கும்."

நான் சிலேட்டை நீட்டினேன். அவர் அதைப் பார்த்துவிட்டு ஆர்டர்லியைத் தேடினார். ஆர்டர்லி அப்போது அறையில் இல்லை. சிலேட்டை ராகேலிடம் கொடுத்தார்.

"என்ன எழுதியிருக்கான்? படிச்சுச் சொல்லு."

ராகேல் சிலேட்டைப் பார்த்தாள். அவள் படித்துவிட்டாள் என்று எனக்குத் தெரிந்தது. அவள் உதடு எழுத்துக்கூட்டி அசைந்தது. பிறகு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. கிணற்றின் ஓரத்தில் நிற்கிற பிள்ளையைப் பார்க்கிற பார்வை அது.

"சொகமா கீறேன், டாக்டருக்கு நன்றின்னு எழுதி கீறாரு சார்" என்றாள்.

நான் இல்லை என்று தலையை ஆட்டினேன். சிலேட்டைத் தட்டினேன். காதைத் தொட்டுத் தொட்டுக் காட்டினேன்.

"காதுல என்ன?" என்றார் டாக்டர்.

"நீங்க சொன்னத காதால கேட்டுக்கினாராம் சார். பேச்சு திரும்பி வரும்னு சொன்னீங்களே. அந்த சந்தோசம்."

நான் வாயைத் திறந்தேன். மூச்சை இழுத்தேன். டாக்டர் கையை உயர்த்தி என் வாய்க்கு நேராகப் பிடித்தார்.

"பேசிடாதே. இத்தனை நாள் காத்தது எல்லாம் போயிடும்."

வாயை மூடிக்கொண்டேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று பிறகு பல பேர் கேட்டார்கள். கேட்டவர்கள் யாரும் வராந்தாவில் அந்த வெள்ளிக்குழாய்க்காரருக்கு எதிரில் உட்கார்ந்திருந்தவர்கள் அல்லர். டாக்டர் ஊசியைத் தொடரச் சொல்லி எழுதிக் கொடுத்தார். அடுத்த ஆள் உள்ளே வந்தார்.

பஸ்ஸில் நான் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தேன். ராகேல் என் தோளைத் தொட்டாள்.

"கோவமாய்யா? நீ நல்லாயிடுவ. பேசுவ. வண்டியில நின்னுக்கினு கத்துவ. அந்தச் சத்தமும் அடங்கிடும். நான் சொல்றேன் பாரு." என் மடியில் இருந்த சிலேட்டை எடுத்துத் துடைத்தாள். "எனக்கு வேற எதுவும் சொல்ல வராது. ஒரு தபா சொல்லிட்டேன். அதுவே போதும்."

அவள் பேசியதில் நான் தெளிவாகக் கேட்ட நீளமான பேச்சு அதுதான் கடைசி.

அந்தச் சத்தம் அடங்கவில்லை. மற்றச் சத்தங்கள்தான் ஒவ்வொன்றாக அடங்கின. முதலில் சிட்டுக்குருவி போயிற்று. பிறகு ஜெபவீட்டின் ஜால்ரா. இரண்டு தகட்டையும் தட்டுவதைப் பார்ப்பேன், ஒலி வராது. பிறகு பிள்ளைகளின் குரல். பெண்களின் குரல் ஆண்களின் குரலுக்கு முன்னால் போகும் என்பதை அப்போதுதான் அறிந்தேன். ராகேலின் குரல் போன பிறகும் உபதேசியாரின் கட்டைக் குரல் கொஞ்ச காலம் இருந்தது. பிறகு அதுவும் போயிற்று. எஞ்சின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

இது நடந்துகொண்டிருப்பது ராகேலுக்குத் தெரியவில்லை. நான் பேசாதவன். பதில் சொல்லாதது யாருக்கும் புதிதாகப் படவில்லை. சிலேட்டில் எழுதினால் அவள் துடைத்தாள். கம்பவுண்டர் பெரிய டாக்டரின் சீட்டைக் காட்டிவிட்டு ஊசியைக் குத்தினார். பிறகு நான் எழுதுவதை விட்டேன்.

ஒரு நாள் உச்சி வெயிலில் கிணற்றடியில் முதுகைக் காட்டி நின்றிருந்தேன். தோளில் ஒரு மண்கட்டி வந்து விழுந்தது. திரும்பினேன். ராகேல் நின்றிருந்தாள். அவள் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. ரொம்ப நேரமாகக் கூப்பிட்டிருக்கிறாள். என் பின்னால் கயிற்றை அறுத்துக்கொண்டு வந்த ஒரு மாடு என்னை ஒட்டி ஓடியிருக்கிறது. நான் நகரவில்லை.

அவள் அருகில் வந்து ஏதோ கேட்டாள். நான் அவள் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் என் பின்னால் போய் நின்றாள். என்ன செய்தாள் என்று தெரியாது. கைதட்டியிருக்கலாம், கத்தியிருக்கலாம். மறுபடி முன்னால் வந்தபோது அவளுக்குத் தெரிந்துவிட்டது.

அன்றே பஸ் ஏறினோம். கேட்கிறதா என்று பார்க்க, டாக்டர் ஓர் இரும்புக் கவையைத் தட்டி அதிரவிட்டுக் காதருகே பிடித்தார். ஒன்றும் இல்லை. காதுக்குப் பின்னால் எலும்பில் வைத்தார். அது நடுங்கியது. அவ்வளவுதான். அவர் ராகேலிடம் திரும்பிக் கேட்டார். எத்தனை நாளாக, ஏன் சொல்லவில்லை என்று கேட்டிருப்பார்.

ராகேல் பேசினாள். ரொம்ப நேரம் பேசினாள். அவள் வாயிலிருந்து சத்தமில்லாமல் வார்த்தைகள் கொட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திடீரென்று வலது கையால் தன் வாயில் அறைந்துகொண்டாள். மறுபடி அறைந்துகொண்டாள். டாக்டர் எழுந்து அவள் கையைப் பிடித்தார். அவருடைய கண்கள் சிவந்திருந்தன. அவர் நெற்றிக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு ஆர்டர்லியைக் கூப்பிட்டார். தான் சொல்வதை என் சிலேட்டில் எழுதச் சொன்னார்.

ஆர்டர்லியின் எழுத்து அழகாக இருந்தது. ஊசியால் வந்தது. போனது திரும்பாது. காதில் மிச்சம் எதுவும் இல்லை. ஊசி நிறுத்தியாயிற்று, மாத்திரை தொடரும். தொண்டைப் புண் ஆறிவிட்டது. இனி நீ பேசலாம்.

கடைசி வரியை இரண்டு தடவை படித்தேன்.

வராந்தாவில் ராகேல் முன்னால் போய்க்கொண்டிருந்தாள். "ராகேலு" என்று கூப்பிட்டேன். எனக்கு எதுவும் கேட்கவில்லை. நெஞ்சுக்கூட்டில் ஒரு நடுக்கம் வந்து போயிற்று. சொன்னேனா, சொல்ல நினைத்தேனா என்று நிச்சயமில்லை. ஆனால் அவள் நின்றாள். திரும்பாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அதனால் குரல் வந்துவிட்டது என்று தெரிந்துகொண்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஜெபவீட்டில் என்னைச் சாட்சி சொல்ல அழைத்தார்கள். ஊமையாக இருந்தவன் பேசுகிறான் என்று பக்கத்துக் காலனியிலிருந்தும் வந்திருந்தார்கள். முனுசாமிகூட வாசலில் நின்று எட்டிப் பார்த்தான். நான் எழுந்தேன். எவ்வளவு சத்தமாகப் பேசுவது என்று அளவு தெரியவில்லை.

"தொண்ட ஆறிடுச்சு. காது போயிடுச்சு. நீங்க பேசறது எதுவும் எனக்குக் கேக்கல" என்றேன்.

முன்வரிசையில் இருந்த குழந்தை பயந்து தாயின் மடியில் முகத்தைப் புதைத்தது. நான் கத்தியிருக்க வேண்டும். தேள் கொட்டிய கிழவி தன் வாயில் விரலை வைத்துக் காட்டினாள். உபதேசியார் ஒரு கையை உயர்த்தினார். உடனே எல்லா வாய்களும் ஒன்றாகத் திறந்தன. பாட ஆரம்பித்துவிட்டார்கள் என்று அறிந்தேன். நான் சொன்னதை அந்தப் பாட்டால் மூடினார்கள். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. தீப்பிடித்தால் மண்ணைப் போடுவதுபோல் செய்தார்கள்.

ராகேலின் வாய் மட்டும் மூடியிருந்தது.

அதன் பிறகு உபதேசியார் எங்கள் வீட்டுக்கு வந்தார். ராகேலிடம் பேசினார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். போகும்போது அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு முகம் கோண வாசற்படி இறங்கிப் போனார்.  

கொட்டகைக்காரர்கள் மைக்செட் வாங்கிவிட்டார்கள். எனக்குச் சுவரொட்டி ஒட்டுகிற வேலை கொடுத்தார்கள். பசைவாளியைத் தூக்கிக்கொண்டு முனுசாமியின் வண்டியில் போகிறேன். அவன் இப்போதும் என்னைக் கேலி செய்கிறான். கையை ஆட்டி, கண்ணை உருட்டிச் செய்கிறான். பாதி புரிகிறது. பாதி புரிந்ததாகச் சிரிக்கிறேன்.

இந்த நோய் வந்தவர்களுக்கு ஆறுதலாக எழுத வேண்டும் என்று ஆஸ்பத்திரிக்காரர்கள் கேட்டார்கள். உயிர் இருக்கிறது. அதைத் தவிர என்னிடம் ஆறுதல் இல்லை. ராகேல்மேல் கோபம் உண்டா என்று கேட்கிறார்கள். சில நாள் உண்டு. அவள் என்னைப் பிழைக்க வைக்கத்தான் அப்படிச் சொன்னாள். அதைத் தெரிந்துகொண்டால் கோபம் குறையும் என்று நினைத்தேன். குறையவில்லை. கோபம் ஒரு பக்கம் இருக்கிறது, அவளோடு சாப்பிட உட்காருகிறேன்.

உடம்பு இப்போது வேறு மாதிரி ஆகிவிட்டது. கண்ணை மூடினால் நிற்க முடியாது. இருட்டில் சுவரைப் பிடித்துத்தான் நடக்கிறேன். ஊர் ஊராக நடந்தவன், வெளிச்சம் இருக்கிற வரைக்கும்தான் போய்வர முடிகிறது. பஸ் வருவது உள்ளங்காலில் தெரிகிறது. மழை தோலில் விழுந்த பிறகுதான் தெரிகிறது. சேவல் கூவாமல் விடிகிறது. ஜெபவீட்டு மணி அடிக்காமல் ஞாயிற்றுக்கிழமை வருகிறது. ஒன்று முடிந்து இன்னொன்று தொடங்குவதாக எதுவும் எனக்கு அறிவிப்பதில்லை. ஒரே நீளமான பகல் ஓடிக்கொண்டிருக்கிறது. நடுநடுவே ராகேல் தோளைத் தொடுகிறாள். அது காலை, அது சாப்பாடு, அது படுக்கை.

அவள் மற்றவர்களிடம் இப்போது அதிகம் பேசுவதில்லை. சபையில் கடைசி வரிசையில் உட்கார்ந்து, வாயைத் திறக்காமல் திரும்பி வருகிறாள்.

ஆனால் சாயங்காலம் வேலை முடிந்து வந்து, கைகால் கழுவிவிட்டு, என் பக்கத்தில் உட்காருவாள். என் தலையைத் தன் பக்கம் சாய்த்து, காதில் வாயை வைத்துப் பேசுவாள். உதட்டை நான் பார்க்க முடியாதபடி அவ்வளவு ஒட்டிப் பேசுவாள். எனக்குக் கிடைப்பது சூடு மட்டும். சில சமயம் மூச்சு வேகமாக அடிக்கிறது. சில சமயம் ஒரே இடத்தில் நின்று நின்று வருகிறது. ஒரு தடவை என் கழுத்து நனைந்தது. ஜெபமா, திட்டா, பிள்ளையைப் பற்றியா, இடுப்புவலியைப் பற்றியா, எதுவும் எனக்குத் தெரியாது. இத்தனை காலம் காவல் வைத்திருந்ததையெல்லாம் அவள் அங்கே கொண்டுவந்து போடுகிறாள் என்று நினைக்கிறேன். அங்கே போட்டால் அது யாரையும் தொடாது.

நான் அசையாமல் இருக்கிறேன். முடிந்ததும் அவள் முந்தானையால் என் காதைத் துடைக்கிறாள், சிலேட்டைத் துடைத்த மாதிரியே. பிறகு எழுந்து அடுப்பைப் பற்றவைக்கப் போகிறாள்.